இழுவைத் தூண்டிலும் இரண்டு நந்திகளும்

மீன்பிடித்தல் என்றவுடன் நம்மவர் கண்முன் தோன்றும் காட்சி ஒன்றுண்டு. ஏரிக்கரையில் ஒருவர் குத்துக்காலிட்டு அமர்ந்திருப்பார். கையில் மூங்கிற்கோல், நீரில் ஒரு தக்கை, பக்கத்தில் மண்புழு நிறைந்த கொட்டாங்கச்சி. அவர் மீனுக்காகக் காத்திருப்பார். வீட்டில் அவருடைய மனைவியார் புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருப்பார். பெரும்பாலும் இருவர் காத்திருப்பும் ஒரே விதமாகத்தான் முடியும். இதனைப் பார்த்தே, தூண்டில் போடுதல் வேலையற்றவர் வேலை என்று நம் பெரியோர் தீர்ப்புக் கூறிவிட்டனர்.

மீன் வரும்வரை மனிதன் காத்திராமல், மீன் இருக்கும் இடம் நோக்கித் தூண்டிலே பயணம் போகும் முறை ஒன்றும் உண்டு. படகு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அதன் பின்னே நீண்ட நரம்பின் நுனியில், இரையோ இரைபோல் மின்னும் உலோகத் தகடோ நீருக்குள் இழுபட்டு வரும். ஆங்கிலேயர் இதனை டிரோலிங் என்பர். இழுவைத் தூண்டில் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கடலில் விசைப்படகுகள் அடிமண்ணைச் சுரண்டி இழுத்து வரும் இழுவலை வேறு; இது வேறு. அந்த வலை கண்டதையெல்லாம் வாரிக்கொண்டு வரும். இங்கே ஒரு நரம்பு, ஒரு முள், ஒரு வேளைக்கு ஒரு மீன், அவ்வளவே.

ஓய்வு நாளைப் பயனுறக் கழிப்பது எவ்வாறு என்பது பற்றித் திங்கள்தோறும் இப்பகுதியில் எழுதி வருகிறேன். இத்திங்கள் இந்த இழுவைத் தூண்டிலைப் பற்றி எழுதலாம் எனத் தொடங்கினேன். எழுத எழுத, மீனை விட்டு ஆற்றைப் பற்றியும், ஆற்றை விட்டு நம் வீட்டுச் சாக்கடையைப் பற்றியும் பேச வேண்டியதாயிற்று. அதற்கான காரணத்தை வாசக அன்பர்கள் போகப்போக உணர்வார்கள்.

முதலில் தொழில் நுணுக்கம். இம்முறையின் திறம் முழுவதும் மூன்று அளவுகளுக்குள் அடங்கும். படகின் வேகம் ஒன்று. நரம்பின் நீளம் ஒன்று. தூண்டிலின் எடை ஒன்று. படகு விரைந்தால் எடையிட்ட தூண்டில் மேலே எழும். படகு தாமதித்தால் ஆழத்திற்கு இறங்கும். நரம்பை மிகுதியாக விட்டால், தூண்டில் படகின் ஓசைக்கு அப்பால் விலகி, இன்னும் சற்று ஆழத்தில் வரும். எந்த ஆழத்தில் மீன் உலவுகிறதோ அந்த ஆழத்தில் தூண்டிலைக் கொண்டு நிறுத்துவதே கெட்டிக்காரத்தனம்.

தகட்டிற்கு ஸ்பூன் என்றே பெயர். காம்பை நீக்கிவிட்ட கரண்டியைப் போலக் குழிந்திருப்பதால் அப்பெயர் வந்தது. குழிந்த தகடு நீரில் நேராக வாராது; இப்படியும் அப்படியும் புரண்டு புரண்டு வரும். அடிபட்ட சிறு மீன் நீந்துவதும் அவ்வாறுதான். மீனின் விலாவில் செவுள் தொடங்கி வால் வரை ஒரு கோடு ஓடுவதைச் சமையலறையில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அஃது அழகுக்காக ஏற்பட்ட கோடு அன்று. நீரின் அதிர்வை உணரும் புலன் அது. கலங்கிய நீரிலும், இருள் கவிந்த நேரத்திலும், ஏதோ ஒன்று தடுமாறி நீந்துகிறது என்பதைப் பெரிய மீன் அக்கோட்டின் வழியே அறிந்துகொள்கிறது. பிறகே கண்ணால் பார்க்கிறது, பார்த்ததும் பாய்கிறது.

மாலை நேரத்தைத் தேர்வதற்கும் காரணம் உண்டு. நண்பகலில் மேல்நீர் சூடேறி, வெளிச்சமும் மிகுந்திருக்கும். அப்போது இரைதேடும் பெருமீன்கள் ஆழத்தில் ஒதுங்கி நிற்கும். கதிரவன் சாயத் தொடங்கியதும் பொடிமீன்கள் மேற்பரப்பிற்கு வரும். அவற்றைத் தொடர்ந்து பெரியவையும் எழும். அந்தியில் மங்கிய ஒளி வேட்டையாடும் மீனுக்குத் துணை. வேட்டையாடப்படும் மீனுக்குப் பகை. ஆகவே, உலகெங்கும் இழுவைத் தூண்டிற்காரர்கள் மாலைப் பொழுதையும் விடியற்பொழுதையுமே நாடுகின்றனர்.

வட அமெரிக்காவின் பேரேரிகளில் இது பெரியதொரு பொழுதுபோக்கு. அங்கே மிச்சிகன் ஏரியில் நடந்த செய்தி ஒன்று நமக்கும் பாடமாகும். கடலிலிருந்து கால்வாய்கள் வழியே உட்புகுந்த ஏல்வைஃப் என்னும் சிறு மீன் அளவுகடந்து பெருகி, 1967-இல் கரையெங்கும் செத்து ஒதுங்கி நாறிற்று. அதற்கு முந்திய ஆண்டே, அதாவது 1966-இல், பசிபிக் கடற்கரைப் பகுதியின் கோஹோ என்னும் சால்மன் மீனைக் கொண்டுவந்து, அச்சிறு மீனைத் தின்னட்டும் என்று விட்டிருந்தனர். சால்மன் தின்றது; கொழுத்தது; தூண்டிற்காரர் கூட்டமும் பெருகிற்று. அடுத்துள்ள ஹ்யூரன் ஏரியில் 2003-ஆம் ஆண்டை ஒட்டி இரைமீன் ஒரேயடியாகக் குறைந்தது. அதனைத் தொடர்ந்து அங்கே சால்மனும் வீழ்ந்தது. ஒரு மீனை ஓர் ஏரியில் விடுதல் எளிது. விட்ட பின் அது என்ன செய்யும் என்று கணக்கிடுதல் அரிது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நன்னீரில் தூண்டிற்காரர் வேட்டைமீன் என்று போற்றுவனவற்றுள் இந்தியாவில் முதலிடம் பெறுவது மகசீர். பெரிய தலையையுடையது, பெரிய செதிளையுடையது எனப் பலவாறு அப்பெயருக்குப் பொருள் கூறுவர். தமிழில் பூமீன் கெண்டை என்றும், கன்னடத்தில் பிளிமீனு என்றும் வழங்குவர். சென்னை மாகாணத்தில் அதிகாரியாயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் 1873-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தூண்டில் போடுதல் பற்றி ஒரு நூல் எழுதி, மகசீருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தார். மைசூரில் விலங்குகளைப் பாடம்செய்யும் தொழிலில் பேர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர், 1946-ஆம் ஆண்டு கபினி ஆற்றில் 120 ராத்தல் எடையுள்ள மகசீர் ஒன்றைப் பிடித்தார். ஏறக்குறைய 54 கிலோ. நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒருவரின் எடை. தூண்டிலில் அகப்பட்ட மகசீருள் அதுவே பெரியது எனப் பதிவாகியுள்ளது. கபினி நம் காவிரியின் கிளையாறு என்பதை நினைவில் கொள்க.

நிற்க. சென்ற கோடையில் இரண்டு நாள் விடுப்பெடுத்து, என் தாயார் பிறந்த ஊராகிய மேச்சேரிப் பக்கம் குடும்பத்துடன் சென்றிருந்தேன். பெங்களூரிலிருந்து ஓசூர், தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் இருப்புப்பாதை ஓமலூரைத் தொடும்; அங்கிருந்து மேட்டூர் அணைக்கு ஒரு கிளைப்பாதை பிரியும். பயணச்சீட்டும் சரக்குச்சீட்டும் எழுதிப் பழகிய கைக்கு அவ்வூர்ப் பெயர்களெல்லாம் மனப்பாடம். ஊர்களைக் கண்டுதான் நாளாகியிருந்தது.

மேட்டூர் அணையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. நீர்மட்டம் 120 அடியைத் தொட்டது என்ற செய்தி வந்தால், தஞ்சை மாவட்டத்தில் பிறந்து இங்கே அல்சூரில் வாழும் நம் அன்பர்கள் தம் வீட்டில் நல்ல காரியம் நடந்தாற்போல் மகிழ்கிறார்கள். நிரம்பும்போது 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்த நீர்த்தேக்கம், சற்றொப்ப 150 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்போல் விரியும். அவ்வளவு நீருக்கு இடம் கொடுத்து ஊர்கள் பல விலகின. பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயிலும், இரட்டைக் கோபுரங்கொண்ட கிறித்தவ ஆலயமும் நீருக்குள் நின்றுவிட்டன. நீர் வற்றும் காலத்தில் கோயிலின் நந்தியும் ஆலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். நாங்கள் சென்றபோது நீர் குறைந்திருந்தமையால் நந்தி முழுதும் தெரிந்தது.

என் மாமா ஒருவருக்குப் பழக்கமான மீனவப் பெரியவர், உரிமம் பெற்று அந்நீரில் தொழில் செய்பவர், மாலை நான்கரை மணிக்கு எங்களைத் தம் பரிசலில் ஏற்றிக்கொண்டார். நானும், ஒன்பது வயது மகனும், மாமாவும். மிதவைச் சட்டை இல்லாமல் பிள்ளையைப் பரிசலில் ஏற்ற மாட்டேன் என்று அப்பெரியவர் உறுதியாகக் கூறிவிட்டமையால், அதற்கென மாமா ஊருக்குள் போய் மூன்று சட்டைகள் வாங்கிவர நேர்ந்தது. அணைநீர் ஆற்றுநீரைப்போல் அன்று. மாலையில் காற்று எழுந்தால் அலையும் எழும் என்று பெரியவர் சொன்னார். காற்று திரும்பும் முன் கரைக்குத் திரும்பிவிடுவது அவர் வழக்கம்.

வட்டப் பரிசலைச் சுழலவிடாமல் ஒரே துடுப்பால் நேர்கோட்டில் செலுத்துவது பெருங்கலை. அவர் அதனை எளிதாகச் செய்தார். கரையிலிருந்து ஆழம் தொடங்கும் விளிம்பை ஒட்டியே பரிசல் சென்றது. பெரியவர் ஒரு மரக்கட்டையில் சுற்றியிருந்த நரம்பைப் பிரித்து, வெள்ளி நிறத் தகடு ஒன்றை நீரில் இட்டார். ஏறத்தாழ 60 முழம் நரம்பை விட்டபின் கட்டையை என் கையில் தந்தார்.

"தம்பி, நரம்பை விரலில் சுற்றிக்கொள்ள வேண்டா. மீன் இழுத்தால் விரல் அறுந்துபோகும். கட்டையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. தகடு புரள்வது மட்டும் நரம்பின் வழியே கையில் ஒரு மெல்லிய துடிப்பாகத் தெரிந்துகொண்டிருந்தது. இரண்டுமுறை அத்துடிப்பு நின்றது. இழுத்துப் பார்த்தபோது நீர்ப்பாசி. என் மகன் சலிப்படைந்து, நீரில் கைவிட்டு அளைந்துகொண்டே, "தாத்தா, இது கர்நாடகத் தண்ணீரா, தமிழ்நாட்டுத் தண்ணீரா?" என்று கேட்டான். பெங்களூரில் பிறந்து, பத்திரிகைத் தலைப்புகளைக் கேட்டு வளரும் பிள்ளை வேறு எவ்வாறு கேட்பான்?

பெரியவர் துடுப்பை நிறுத்தவில்லை. "மழைத் தண்ணீர், கண்ணு" என்றார்.

சிறிது நேரத்தில் கட்டை என் கையிலிருந்து பறிபோவதுபோல் ஓர் இழுப்பு. பெரியவர் பரிசலை நிறுத்தாமல், மீன் இழுக்கும் பக்கமே திருப்பினார். நரம்பு தளராமலும் அறாமலும் இருக்க வேண்டும் என்பதற்காக, மீன் ஓடும்போது விட்டும், நின்றபோது சுற்றியும், பத்து நிமிடம் போராடினோம். முடிவில் கைவலையில் ஏறியது ஒரு வாளை. செதிளற்ற வெள்ளியுடல், கண்ணையும் கடந்து பிளந்த வாய், வாயோரம் நீண்ட மீசை. மூன்று கிலோவுக்குக் குறையாது. என் மகனுடைய சலிப்பு பறந்துவிட்டது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

"இங்கே மகசீர் கிடைப்பதுண்டா?" என்று கேட்டேன்.

"என் அப்பா காலத்தில் ஒகேனக்கல் பக்கத்தில் பிடித்திருக்கிறார்கள். துடுப்பெல்லாம் செந்நிறம், முதுகில் திமில்போல ஒரு மேடு. நான் அப்படி ஒன்றைக் கண்டு வெகு காலமாயிற்று. இப்போது எனக்கு விழுபவை கட்லா, ரோகு, ஜிலேபி. பாதிக்கு மேல் வெளியூர் மீன்தான், தம்பி" என்றார் அவர்.

பெரியவர் கூறியது முற்றிலும் மெய். கட்லாவும் ரோகுவும் வடநாட்டு ஆறுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவினது; 1952-இல் இந்தியாவிற்கு வந்தது. இவை ஏழை வீட்டுச் சட்டியை நிரப்பின என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், செந்துடுப்பும் திமிலும் உடைய அந்த மகசீர் எங்கே போயிற்று? ஊர் திரும்பியபின் இதைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததை வாசக அன்பர்களுக்குச் சொல்வது என் கடமை.

காவிரியில் வாழ்ந்த திமில் மகசீர் உலகில் வேறெந்த ஆற்றுத் தொகுதியிலும் இல்லாதது. சிவசமுத்திரத்திற்குக் கீழே பீமேசுவரி, கலிபோரே, தொட்டமக்கலி முதலிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. உலகின் பல பகுதிகளிலிருந்தும் தூண்டிற்காரர் வந்தனர்; பிடித்த மீனை எடைபோட்டு, படம் பிடித்து, மறுபடியும் ஆற்றிலேயே விட்டனர். ஊர் மீனவர் பலருக்கு வழிகாட்டி வேலையும் காவல் வேலையும் கிடைத்தன. வெடிவைத்து மீன்கொல்வோரைத் தடுக்கவும் அந்த முகாம்கள் உதவின. வெடியும் நஞ்சும் இட்டு மீன்பிடித்தல் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே குற்றமாக்கப்பட்டதாயினும், சட்டம் ஆற்றங்கரையில் நின்று காவல் காப்பதில்லை அல்லவா?

இதற்கிடையில், மகசீர் குறைகிறதே என்ற கவலையால் நல்லெண்ணம் படைத்தோர் ஒரு முயற்சி செய்தனர். மராட்டிய நாட்டு லோனாவ்லாவில் டாட்டா மின் நிறுவனத்தார் 1970களில் மகசீர்க் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்திருந்தனர். அங்கே வளர்ந்தது நீலத்துடுப்பு மகசீர். 1839-இல் புனே நகரின் அருகே கண்டு பெயரிடப்பட்ட இனம் அது. அக்குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளிலும் விடப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. மகசீர் எல்லாம் ஒன்றே என்று அக்காலத்தில் எண்ணியமையால் எவரும் தடைசொல்லவில்லை.

கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டிற்காரர் பிடித்த மீன்களுக்கெல்லாம் பதிவேடு இருந்தது. இங்கிலாந்தின் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்து ஏட்ரியன் பிண்டர், கேரளத்து ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர் அப்பதிவேட்டை எடுத்து ஆராய்ந்தனர். மொத்தக் கணக்கைப் பார்த்தால் மகிழ்ச்சி. ஒரு மணி நேரத்திற்கு அகப்படும் மீன்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு கூடியிருந்தது. இனம் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கூடியவை நீலத்துடுப்பு மீன்கள். திமில் மகசீரோ குறைந்துகொண்டே வந்தது. அகப்பட்ட சில திமில் மகசீர்களும் வரவர எடை மிகுந்தவையாகவே இருந்தன. பெரிய மீன் கிடைப்பது நல்லதுதானே என்று தோன்றும். அன்று. குஞ்சுகள் தோன்றவில்லை, முதியவை மட்டும் எஞ்சியுள்ளன என்பதே அதன் பொருள். பள்ளிக்கூடம் இல்லாமல் முதியோர் மட்டும் வாழும் ஊர் எத்தனை நாள் ஊராயிருக்கும்?

சரக்கு அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு இது நன்கு விளங்கும். வந்த மூட்டை நூறு, போன மூட்டை நூறு எனக் கணக்கு நேராயிருக்கலாம். உள்ளே நெல்லுக்குப் பதில் உமி இருந்தால் அக்கணக்கு எதற்கு? மொத்தத்தை மட்டும் கூட்டிப் பார்ப்பவன் இழப்பை இறுதியிலேயே காண்பான்.

இந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தபோது, அம்மீனுக்கு உறுதியான அறிவியற் பெயர்கூட இல்லை. நூற்றைம்பது ஆண்டு உலகப்புகழ் பெற்ற மீன், பெயரில்லாமலே மறைந்துகொண்டிருந்தது. 2018-இல்தான் விடை கிடைத்தது. அமராவதியின் கிளையாகிய பாம்பாற்றில் கிடைத்து, முன்னரே பெயரிடப்பட்டிருந்த ஒரு மகசீரும் காவிரியின் திமில் மகசீரும் ஒன்றே எனத் தெளிந்தனர். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரமாதேவி அவர்களின் பெயரால் அது டோர் ரமாதேவி என வழங்குகிறது. அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை, அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக அறிவித்தது. நீலகிரியின் அடிவாரத்து மோயாறு, அதற்கு எஞ்சியுள்ள புகலிடங்களுள் முக்கியமானது. காவிரி வனவிலங்குச் சரணாலயத்திற்குள் நடந்த தூண்டில் முகாம்களும் 2012-ஐ ஒட்டி நின்றுவிட்டன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெளியூர் மீன் வந்து உள்ளூர் மீனை விரட்டிற்று என்ற செய்தியைக் கேட்டதும், பிறமாநிலம் வந்து பிழைக்கும் நம் போன்றோர் நெஞ்சில் ஒரு முள் தைக்கும். அவ்வாறு உவமை காண்போரும் இருப்பர். அந்த உவமை பொருந்தாது. நீலத்துடுப்பு மீன் தானாக வரவில்லை; வாளியில் கொண்டுவந்து ஊற்றப்பட்டது. அதற்கு அண்டை வீட்டாரின் மொழியைக் கற்கவும், அவர்கள் திருவிழாவில் கலந்துகொள்ளவும், பொதுக்குழாயில் முறைவைத்து நீர் பிடிக்கவும் தெரியாது. நமக்குத் தெரியும், தலைமுறை தலைமுறையாகச் செய்தும் வருகிறோம். குற்றம் வந்த மீனுடையதும் அன்று. எண்ணிப் பாராமல் கொண்டுவந்து விட்ட கையினுடையது.

மீன் மறைவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் புதுவெள்ளம் வரும்போது மகசீர் ஆற்றை எதிர்த்து மேலேறி, சரளைக் கல் நிறைந்த தெளிந்த நீரில் முட்டையிடும். மேட்டூரில் அணை, மேலே கிருஷ்ணராஜ சாகரத்தில் அணை, கபினியிலும் அணை. அணைகளால் நமக்குச் சோறும் விளக்கும் கிடைக்கின்றன; அவற்றை வேண்டா என்று எவரும் கூறார். ஆயினும், ஏறும் வழி அடைபட்ட மீனுக்கு எஞ்சியிருக்கும் நீராவது தூய்மையாக இருத்தல் வேண்டும். அத்தூய்மை யார் கையில் இருக்கிறது?

கரைக்குத் திரும்பும்போது அப்பெரியவர், "நீங்கள் பெங்களூரா? உங்கள் ஊர்ச் சாக்கடையும் இங்கேதான் வந்து சேர்கிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்களே, மெய்யா?" என்று கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை.

மெய்தான். நம் பசவனகுடியில் பெரிய நந்தி கோயிலை அறியாதார் இல்லை. அந்நந்தியின் திருவடியில் பிறந்தது விருஷபாவதி என்பது ஊர் வழக்கு; விருஷபம் என்றால் காளை. ஒரு காலத்தில் தெளிந்தோடிய அந்த ஆறு, இன்று நகரின் மேற்குப் பகுதிக் கழிவுநீரையெல்லாம் சுமந்து செல்கிறது. ஆலைக் கழிவும் அதில் சேர்கிறது. பைரமங்கல ஏரி வழியாகச் சென்று அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி, கனகபுரத்திற்கு அப்பால், சரணாலயத்தை ஒட்டிய சங்கமத்தில் காவிரியோடு கூடுகிறது. பிறகு மேகதாது, பிறகு ஒகேனக்கல், பிறகு மேட்டூர். பசவனகுடி நந்தியின் காலடியில் நாம் கொட்டுவது, பண்ணவாடி நந்தியின் கழுத்தளவு நீரில் போய் நிற்கிறது. நகரின் கிழக்கே பெல்லந்தூர் ஏரி வழி செல்வது தென்பெண்ணையில் விழுந்து கிருஷ்ணகிரி அணையை அடைகிறது. எப்பக்கம் கொட்டினாலும் அது நம் பாட்டன் ஊருக்குத்தான் போகிறது.

நாம் குடிப்பதும் அதே காவிரி. 1974 முதல் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவு குழாயில் ஏற்றி, மலைபோன்ற உயரத்திற்கு எக்கியடித்து இந்நகருக்குத் தருகிறார்கள். நன்னீராக வாங்கிக் கழிவாகத் திருப்பிக் கொடுக்கிறோம். இரு மாநிலமும் எத்தனை டி.எம்.சி. என்று வழக்காடுவது அரசுகளின் பாடு. வருகிற நீர் எத்தன்மையது என்பது நம் பாடு.

பெருந்திட்டங்களை அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டும். அவற்றைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்குண்டு. வீட்டளவில் செய்யத்தக்கவையும் சில உள. வறுத்த எண்ணெயையும் மீந்த வண்ணத்தையும் தொட்டியில் ஊற்றாதிருக்கலாம். பிள்ளையார் சதுர்த்திக்கு வண்ணம் பூசாத களிமண் பிள்ளையாரை வாங்கலாம். அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நாளில் செத்து மிதந்ததை அப்பகுதி அன்பர்கள் மறந்திரார். கழிவு மிகுந்தால் நீரில் உயிர்க்காற்று குறைந்துவிடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மற்றொன்று, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் மீன் பெரிதாகிவிட்டால், இரக்கப்பட்டு ஏரியில் கொண்டுபோய் விடுகிறோம். தொட்டியைத் துடைக்கும் என்று வாங்குகிற, முள்ளோடு போர்த்த தென்னமெரிக்கக் கெளுத்தி அவ்வாறுதான் நம் நீர்நிலைகளில் பரவிற்று. மீனவர் வலையைக் கிழிக்கும். உண்ணவும் ஆகாது என்று ஒதுக்கப்படும். அதை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஏரியில் விடுவது அறமன்று. காவிரி மகசீருக்கு நேர்ந்ததை அந்தச் சிறுவர்களுக்கு எடுத்துச் சொன்னால், அவர்களே புரிந்துகொள்வார்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் ஒருநாள் மாலையை ஒதுக்கி, உரிமம் பெற்ற மீனவர் ஒருவருடன் நீரில் சென்று வாருங்கள். சரணாலயப் பகுதிக்குள் மட்டும் தூண்டில் வேண்டா. மிதவைச் சட்டையை மறவாதீர்கள். மீன் அகப்பட்டால் மகிழ்ச்சி. அகப்படாவிட்டாலும் அந்த ஆற்றின் மீன்களுடைய பெயர்களைப் பிள்ளைகள் கேட்டறிந்து வரட்டும். செந்துடுப்புத் திமில் மகசீரின் பெயரையும் அப்பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். மோயாற்றில் அது இன்னும் இருக்கிறது.